இரண்டு எஞ்சினையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்!

போன மாதம் நண்பன் ஒருவன் ஒரு கேள்வியோடு வந்தான். அவனுடைய மாமா பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறார். இரட்டை எஞ்சின், இரண்டுமே பெட்ரோல். "பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டுக்கும் எலக்ட்ரானிக் இக்னீஷன் மாட்டிடலாமாடா? நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே" என்றான். "மாட்டலாம், ஆனால் ரெண்டுக்கும் சேர்த்து இல்லை" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்கான பதில்தான் இது.

உழவர்கரைக்காரனுக்குப் படகு பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். காலாப்பட்டும் பிள்ளைச்சாவடியும் எங்கள் நகராட்சியில்தான் இருக்கின்றன :-) ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் கடலோர மெக்கானிக்குகளுக்கு இந்தப் பிரச்சினை அதிகம் வருவதில்லை. நம் ஊரில் பாயிண்ட் பற்றிக் கேட்க வேண்டுமானால் பழைய பைக் ரிப்பேர் செய்யும் பெரியவர்களிடம்தான் போக வேண்டும்.

பாயிண்ட் என்பது ஒரு சின்ன சுவிட்ச். எஞ்சின் சுற்றச் சுற்ற அது மூடித் திறக்கும். திறக்கிற நொடியில் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி பிளக்கில் பொறி தட்டும். நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 6000 பொறி. ஒரு மணி நேரத்தில் 3,60,000 தடவை அந்தச் சுவிட்ச் திறந்து மூட வேண்டும். முனை கருகும். கேமில் உரசும் பகுதி தேயும். தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். போதாக்குறைக்கு உப்புக்காற்று வேறு. 0.4 மி.மீ. சுமாருக்கு இருக்கும் இடைவெளியை அலையில் ஆடும் படகில் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

எலக்ட்ரானிக் முறையில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. காந்தமும் சென்சாரும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும். அவுட்போர்டு மோட்டார்களில் 1960களிலேயே மெர்க்குரி நிறுவனம் இதைக் கொண்டுவந்துவிட்டது. ஆக, மாற்றுவது நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ஏன் தயக்கம்? இரண்டும் பழுதாகும் விதம் வேறு. பாயிண்ட் சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் ஸ்டார்ட்டிங் மக்கர் செய்யும், பிறகு இழுவை குறையும். உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் கரை சேர்த்துவிடும். எலக்ட்ரானிக் மாட்யூல் சொல்லாமல் போய்விடும். பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்தாலே சில மாட்யூல்கள் காலி. எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டாலும் சில வகைகள் சூடாகிப் போய்விடும். அப்பாவின் பழைய பைக்கில் மாட்டிய மாட்யூல் ஒருநாள் ஈசிஆரில் இப்படித்தான் நின்றது. இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். கடலில் எங்கே தள்ளுவது?

அதற்குத்தானே இரண்டு எஞ்சின் என்பீர்கள். சரிதான். ஆனால் ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்ற கணக்கு, இரண்டும் ஒரே காரணத்தால் போகாத வரைக்கும்தான்.

1983 மே 5ஆம் தேதி ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 855 மியாமியில் இருந்து நாசாவுக்குக் கிளம்பியது. மூன்று எஞ்சின் உள்ள பெரிய விமானம். முந்தைய பராமரிப்பில் மூன்று எஞ்சினிலும் ஒரே மாதிரி பாகத்தை மாற்றியிருந்தார்கள். மூன்றிலுமே 'ஓ ரிங்' என்ற சின்ன ரப்பர் வளையத்தைப் போடவில்லை. ஆயில் கசிந்து, முதலில் ஒரு எஞ்சினை நிறுத்தினார்கள். பிறகு மற்ற இரண்டும் கடலுக்கு மேலே நின்றுபோயின. முதலில் நிறுத்தியதையே மறுபடி ஓடவைத்து மியாமியில் இறக்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள். மூன்று எஞ்சின் இருந்தும் தவறு ஒன்றே ஒன்றுதான்!

படகிலும் இதே கதைதான். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கையால் இரண்டு கிட்டையும் மாட்டினால், ஒயரிங்கில் செய்யும் தவறும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

நண்பனுக்குச் சொன்னது இதுதான். முதலில் ஒரு எஞ்சினுக்கு மட்டும் மாற்று. கரையோரமாகவே ஒரு சீசன் ஓட்டிப் பார். பிறகு அடுத்தது. கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதே. இடைவெளி சரிசெய்து, டைமிங்குக்கு அடையாளம் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் படகிலேயே வை. இரண்டு எஞ்சினும் ஒரே பேட்டரியை நம்பி இருக்கக் கூடாது. சில இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும், அதற்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்கு. எல்லாவற்றையும் விட முக்கியம், கார் பாகத்தை மாட்டாதே. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கும். பொறி வெளியே வராதபடி செய்த, படகுக்கென்றே உள்ள பாகம்தான் வேண்டும்.

"ரெண்டு தடவை கூலி, ரெண்டு வகை ஸ்பேரு... செலவாகுமேடா" என்றான். ஆகும்தான். ஆனால் மாமா அந்தப் படகில் சுற்றுலா வருபவர்களை ஏற்றப்போகிறாராம். அவர்களுக்குப் பாயிண்ட்டும் தெரியாது, மாட்யூலும் தெரியாது. இரண்டு எஞ்சின் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்த 'இரண்டு' நிஜமாகவே இரண்டாக இருக்க வேண்டாமா?