நோம்பிக்கு வர்றவங்க என்ன கொண்டு வரணும்?

எங்க ஊர் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டியாச்சு. கொங்கு நாட்டுப் பக்கம் திருவிழாவை நோம்பின்னுதான் சொல்லுவோம். கம்பம் நட்டு, பொம்பளைங்க தினமும் கொடத்துல மஞ்சத்தண்ணி கொண்டுபோய் ஊத்திட்டு இருக்காங்க. வர்ற செவ்வாய் ராத்திரி மாவிளக்கு, புதன்கிழமை பொங்கல், வியாழன் மஞ்சள் நீராட்டு. டவுன்ல இருக்கற ஒரம்பரைக கிட்ட இருந்து போன் வர ஆரம்பிச்சிடுச்சு. "லீவு சொல்லிட்டோம் மாமா, வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம் கண்ணு, நீங்க வந்தாப் போதும்"னு நானும் சொல்லிடறேன். அது மரியாதைக்குச் சொல்றது. நோம்பி ஊட்டுக்கு வெறுங்கையோட யாரும் வர மாட்டாங்க, வரவும் கூடாது. ஆனா என்ன கொண்டு வரணும்ங்கறதுல எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. போன்ல சொன்னா மொகம் சுருங்கும், அதனால இங்க எழுதறேன். விலை கூடுன பொருளைக் கொண்டு வராதீங்க.

எங்கப்பன் காலத்துல கொண்டு வந்தது என்ன? ஒரு சீப்பு வாழைப்பழம், ரெண்டு தேங்காய், வெத்தலை பாக்கு, நாலு மொழம் பூ. கொழந்தைக இருக்கற ஊடுன்னா பொரிகடலை, கொஞ்சம் மிட்டாய். கவனிச்சீங்கன்னா, இதுல ஒண்ணுகூட ரெண்டு நாளைக்கு மேல ஊட்ல நிக்காது. தேங்காயை சாமிக்கு ஒடைச்சிருவோம், பூவைப் பொம்பளைங்க வெச்சுக்குவாங்க, பழத்தைப் பிள்ளைக தின்னுரும். யார் கொண்டு வந்த பழம் எதுன்னு சாயங்காலம் யாருக்கும் தெரியாது. அதுதான் அதுல இருக்கற சூட்சுமம்.

மொய் வேற. மொய்க்கு நோட்டு உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்தே வைக்கறாங்க. யார் எவ்வளவு வெச்சாங்கன்னு எழுதி வெச்சு, அவங்க விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யணும். அது கடன்னு ரெண்டு பக்கமும் தெரியும், அதனால அதுல சங்கடம் இல்ல. நோம்பிக்கு நோட்டே கெடையாது. நீங்க அஞ்சாயிரம் ரூபாய்ப் பொருளைக் கொண்டு வந்து வெச்சா, நோட்டு இல்லாமலே கணக்கு ஆரம்பிச்சிடும்.

எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. இந்த ஊட்ல பொறந்தவங்க, மானாவாரி பூமிக்குக் கட்டிக் குடுத்தது. ரெண்டு பஸ் மாறி வரணும். முந்தின வருசம் நோம்பியன்னிக்கு, வெளியூர்ல நல்ல வேலையில இருக்கற சொந்தக்காரப் பையன் ஒருத்தன் முந்திரி பாதாம் அடுக்குன கூடை, டப்பா டப்பாவா ஸ்வீட், எங்க ஊட்டுக்காரிக்குப் பட்டுச்சேலைன்னு கொண்டு வந்து ஆசாரத்துல பரப்பி வெச்சான். பாசத்துல செஞ்சதுதான், அவன் மேல குத்தம் சொல்ல மாட்டேன். வந்தவங்க எல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அத்தையும் பார்த்தாங்க. அவங்க மஞ்சப்பை மட்டும் கட்டிலுக்கடியில அப்படியே இருந்துச்சு. சாயங்காலம் கெளம்பறப்பதான் என் ஊட்டுக்காரி பையைப் பார்த்தா. ஒரு சீப்பு பூவன் பழமும் தேங்காயும் அப்படியே திரும்பிப் போகுது. கேட்டதுக்கு, "உங்க ஊட்ல இல்லாததா"ன்னு சிரிச்சாங்களாம். பையைப் புடுங்கி வாங்கி வெச்சுக்கிட்டோம், அது வேற விசயம்.

போன வருசம் அத்தை வரல. கால் வலின்னாங்க. வயசாச்சு, வலி நெசமாவும் இருக்கலாம். ஆனா பொறந்த ஊட்டு நோம்பிக்கு எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வராம இருந்ததில்ல.

"நாங்க சம்பாதிக்கறோம், பிரியமாக் குடுக்கறோம், அதுல உங்களுக்கு என்ன?"ன்னு கேப்பீங்க. குடுங்க. நோம்பியன்னிக்கு நாலு பேர் முன்னாடி குடுக்காதீங்க. வேற ஒரு ஞாயித்துக்கெழமை வாங்க, சமையல்கட்டுல வெச்சு அவகிட்டக் குடுங்க. செலவு பண்ணியே ஆகணும்னா கோயில்கிட்ட பானக்கமும் மோரும் ஊத்தற செலவை ஏத்துக்கங்க. பங்குனி வெயில்ல பூவோடு எடுத்துட்டு வர்றவங்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்ல. யார் பணம்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க.

பிள்ளைகளுக்குக் காசு குடுக்கறதுலயும் ஒண்ணு இருக்கு. எங்க ஊட்டுப் பசங்க ரெண்டு பேருக்கு ஆளுக்கு நூறு ரூபாய் நீட்டறீங்க. தோட்டத்து வேலைக்கு வர்றவங்க பிள்ளைக மூணு அங்கேயே வாசல்ல நின்னு பார்த்துட்டு இருக்குது. குடுத்தா எல்லாருக்கும் குடுங்க, இருபது ரூபாயா இருந்தாலும் பரவால்ல. (இதுல சாதியும் வந்து உக்காந்துக்கும். யாருக்கு எங்க எலை போடறோம்ங்கறதை எழுதுனா எங்க ஊர்க்காரங்களுக்கே கோவம் வரும். ஒரு நாள் எழுதத்தான் போறேன்.)

கொண்டு வர்றதை விட முக்கியம் வாங்கிட்டுப் போறது. கெளம்பும்போது மாவிளக்கு மாவு, தேங்கா மூடி, பத்து முருங்கைக்காய், ஒரு படி நெலக்கடலைன்னு கட்டிக் குடுப்போம். "கார்ல எடம் இல்ல", "யார் திங்கறது"ன்னு சொல்லிடாதீங்க. உங்க கூடைக்கு நாங்க பதில் செய்ய முடியாது. எங்க கையில இருக்கறது காட்டுல வெளஞ்சதுதான். அதையும் வேண்டாம்னுட்டா, நாங்க வாங்குனவங்களாவே நின்னுடறோம். கார் போன பொறகு அந்தக் கடலைப் பையை உள்ள தூக்கிட்டுப் போறது என்னமோ மாதிரி இருக்குங்க.

மத்தபடி பெரிய சட்டதிட்டம் ஒண்ணுமில்ல. வந்ததும் குடுக்கற சொம்புத் தண்ணியில ஒரு வாயாவது குடிங்க. மணிக்கட்டைப் பார்த்துட்டே சாப்பிடாதீங்க. "போறேன்"னு சொல்லாம "போயிட்டு வர்றேன்"னு சொல்லுங்க. கறி திங்காதவங்க எலையில உக்காந்த பொறகு சொல்லாம முன்னாடியே சொல்லிட்டா பருப்பும் ரசமும் தனியா வெச்சிருவோம்.

எத்தனை பேர் வர்றீங்கன்னு திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க, அரிசி அளந்து போடணும். இந்த வருசம் அத்தையைக் கூப்பிட ஊட்டுக்காரியும் நானும் நேர்லயே போறோம்.