சஃபாரி ஜீப்பும் சாம்பல் அணிலும்

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் ராஜபாளையம் பக்கம் ஒரு பேச்சு ஓயவே இல்லை. "புலி இருக்கு, யானை இருக்கு, ஆயிரம் சதுர கிலோமீட்டர் காடு இருக்கு. ஆப்பிரிக்கா மாதிரி சஃபாரி விட்டா ஊர் எங்கேயோ போயிருமே!" காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சி. நான் எதிர்க்கட்சி. நடந்துகொண்டே வாதாடினால் மூச்சு வாங்குகிறது. அதனால் என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. ஆப்பிரிக்கா போய் வந்தவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நண்பர் ஒருவர் மகன் தயவில் கென்யாவும் தான்சானியாவும் ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்தார். அவர் கைப்பேசியில் காட்டிய படங்களைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன். செரெங்கெட்டி தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். மழையையும் புல்லையும் தேடிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் அங்கிருந்து மசாய் மாரா வரை வருஷா வருஷம் போய்த் திரும்புகின்றன. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் அந்த மிருகத்துக்கு 'க்னு' என்று பெயர். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது கொம்பு முளைத்த கழுதை மாதிரி இருக்கும். கூட்டமாக ஆற்றில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சஃபாரி என்பது சுவாஹிலி மொழியில் பயணம், அவ்வளவுதான். அரபு மொழியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து போனது. இந்திப் பாட்டுகளில் கேட்டிருப்பீர்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சஃபாரி என்றால் மேலதிகாரிகள் போட்டு வரும் சூட்தான். அதைப் பார்த்தாலே கோப்புகளை அடுக்கி வைத்துவிடுவோம்!

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஜீப்பில் உட்கார்ந்து மிருகம் பார்க்க முடிவதற்குக் காரணம் அந்த நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி, அங்கங்கே ஒரு மரம். சிங்கம் படுத்திருந்தால் வெகுதூரத்திலிருந்தே தெரியும். நம் மலை அப்படியா? அடிவாரத்தில் முள்ளும் புதரும், மேலே போகப்போக இலையுதிர் காடு, அதற்கும் மேலே பகலிலும் வெளிச்சம் புகாத பசுமைக்காடு, உச்சியில் வரையாடு மேயும் புல் சரிவு. செண்பகத்தோப்பில் யானை பத்தடி தள்ளி மூங்கிலுக்குப் பின்னால் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது, அதற்கு மட்டும் உங்களைத் தெரியும். இப்படிப்பட்ட காட்டில் ஜீப் விட்டால் டிக்கெட் வாங்கியவர் பார்க்கப்போவது முன்னால் போகிற ஜீப்பின் புழுதியைத்தான்.

அடுத்தது சாலை. ஜீப் போக வேண்டும் என்றால் பாதை வெட்ட வேண்டும், பாதை வெட்ட மரம் சாய வேண்டும். புலிகள் காப்பகம் என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1988-ல், இந்தக் காட்டில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயம் ஆனது. யாருக்காக? சாம்பல் நிற மலை அணிலுக்காக. வீட்டு முற்றத்தில் ஓடும் அணில் இல்லை ஐயா இது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை போடும், உடம்பின் நீளத்துக்கு வாலும் இருக்கும். இந்தியாவில் நம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் சில இடங்களிலும், வெளியே இலங்கையிலும்தான் உண்டு. தரையில் இறங்குவது அபூர்வம். கிளையிலிருந்து கிளைக்குத் தாவித்தான் அதன் வாழ்க்கை முழுவதும். மரத்தின் தலைகள் ஒன்றோடொன்று கை கோத்து நின்றால்தான் அதற்கு வழி. நடுவில் ஒரு சாலை வந்தால் நமக்கு வசதி, அதற்கோ பாலம் உடைந்த மாதிரி. எந்தப் பிராணியின் பேரைச் சொல்லிக் காட்டைக் காப்பாற்றினோமோ, அதன் வழியையே அறுத்துவிட்டுப் புலி பார்க்கப் போவது என்ன நியாயம்?

மூன்றாவது, தண்ணீர். எனக்கு இதுதான் முதல் காரணம். அய்யனார்கோயில் ஆற்றில் வரும் தண்ணீரைத்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் பிடித்து ராஜபாளையம் குடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேயனாறு, வத்திராயிருப்புக்குப் பிளவக்கல் அணைகள். மலைக்கு அந்தப் பக்கம் வருசநாட்டுச் சரிவில் பிறக்கும் வைகை மதுரையையும் தாண்டி ராமநாதபுரம் வரை போகிறது. இந்தச் சீமையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்களைக் கேளுங்கள், காடு எதற்கு என்று சொல்வார்கள். நாலு லாட்ஜும் பத்து ஓட்டலும் கொண்டுவரும் வருமானத்தைக் கணக்குப் போடுகிறவர்கள், ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஆகும் செலவையும் அதே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. காட்டால் ஊருக்கு வருமானம் வந்தால்தான் ஊர் காட்டைக் காப்பாற்றும் என்கிறார்கள். வாஸ்தவம். சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: "சார், உங்களுக்கு அது பிள்ளையார். ராத்திரி வந்து நாப்பது கன்னைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போச்சுன்னா எனக்கு அது என்னன்னு சொல்லுங்க." பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு இழப்பீடு மனுக் கொடுத்த கையோடு வர வேண்டும். மனு எத்தனை மேஜை தாண்டும் என்பது என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

ஆனால் ஜீப் சஃபாரி வந்தால் அந்த வருமானம் இவருக்கா போகும்? செண்பகத்தோப்பிலும் அத்திகோயிலிலும் காலங்காலமாகத் தேன் எடுத்துப் பிழைக்கும் பளியர்களுக்கா போகும்? செரெங்கெட்டியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மசாய் மக்களை 1959-ல் அங்கிருந்து கிளப்பி கொரோங்கோரோ பக்கம் அனுப்பினார்கள். நண்பர் காட்டிய படங்களில் அந்தக் கதை இல்லை. விளம்பரத்தில் அதையெல்லாம் போட மாட்டார்கள்.

ஆப்பிரிக்காவைப் பார்த்துக் கற்கத்தான் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தது ருவாண்டா. பிரான்சில் இருக்கும் உறவினர் அனுப்பும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்த நாட்டைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்த பாஷை இந்த வயதில் இதற்காவது உதவுகிறது. அங்கே எரிமலைத் தேசியப் பூங்கா என்று ஒன்று. 160 சதுர கிலோமீட்டர்தான், நம் காப்பகத்தில் ஆறில் ஒரு பங்கு. அடர்ந்த மலைக்காடு, அதில் மலைக் கொரில்லாக்கள். ஜீப் கிடையாது. வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளைக்கு எட்டே பேர், ஒரே ஒரு மணி நேரம். வெளிநாட்டவருக்கு அனுமதிக் கட்டணம் 2017-லிருந்து 1,500 டாலர். பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. ஆள் குறைவு, மரியாதை அதிகம், ஊருக்கும் பங்கு. நம் மலைக்குப் பொருந்துவது இந்த வழிதான்.

இதற்கு ஒரு தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசு 2024-ல் நாற்பது மலைப்பாதைகளில் மலையேற்றத் திட்டம் கொண்டுவந்தது. முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்களோடு நடந்து போகலாம். இதைச் சிறிதாகவே வைத்துச் சீராக நடத்தினால் போதும். வழிகாட்டிக்கு வருஷம் முழுவதும் சம்பளம் வரட்டும். நம் பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தரம் கட்டணமில்லாமல் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போகட்டும். மரத்தடியில் அரை மணி நேரம் சத்தம் போடாமல் உட்காரப் பழகினால் அணில் தானாகக் கண்ணில் படும். பிள்ளைகளுக்கு இருட்டுக்கடை அல்வாவும் பால்கோவாவும் மட்டும்தான் தென்பாண்டிச் சீமை என்று ஆகிவிடக் கூடாது.

நம் வயதுக்காரர்கள் மலை ஏற வேண்டாம், முழங்கால் விடாது. ஆனால் காட்டழகர் கோயிலுக்கோ, சதுரகிரிக்கோ, அய்யனார்கோயிலுக்கோ போகும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளிடம் ஒன்று சொல்லலாம்: கொண்டு போகிற பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் திரும்ப வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். நாம் சொன்னால் கேட்பார்கள். அடுத்த தடவை யாராவது "சஃபாரி எப்ப சார் வரும்?" என்று கேட்டால், உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.