அமெரிக்காவைப் பேசும் நாவும் நீதியின் அளவுகோலும்



ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பெண்கள் அணியும் நைட்டி அங்கிருந்து பல ஊர்க் கடைகளுக்கும் செல்கிறது. தையல் வேலை சற்று ஓயும் மாலை நேரத்தில் அவ்வூர்த் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து பாருங்கள். உள்ளூர்ச் செய்தி கால் மணி நேரம் என்றால், அமெரிக்கச் செய்தி முக்கால் மணி நேரம் நடைபெறும். ட்ரம்ப் என்ன சொன்னார், நியூயார்க் நகரில் யார் வென்றார், காஸாவில் இன்று எத்தனை உயிர் போயிற்று என்று பேச்சு நீளும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் நம்மவர் பேச்சும் இதற்கு விலக்கன்று.

"நமக்கு எதற்கு அந்நாட்டுப் பேச்சு?" என்று பெரியவர் சிலர் கடிந்துகொள்வதுண்டு. அது பொருந்தாது. அமெரிக்க அதிபர் இடும் கையெழுத்து நம் வீட்டு அடுப்பு வரை வந்து சேரும் காலம் இது. ஆகவே பேசலாமா என்பது கேள்வியன்று. எந்த அளவுகோல் கொண்டு பேசுகிறோம் என்பதே கேள்வி.

யார் கட்டும் வரி?

2025 ஆகஸ்ட் 7ஆம் நாள் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 25 விழுக்காடு கூடுதல் சுங்கம் விதித்தது. ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் அதனை 50 விழுக்காடாக உயர்த்தியது. திருப்பூர் கலங்கியது. திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் நூலின் தேவை குறையும். நூலின் தேவை குறைந்தால் நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்திலும் அதன் சூடு தெரியும்.

அந்நாள்களில், "நம்மிடமிருந்து அமெரிக்கா வரி பிடுங்குகிறது" என்று சொல்லாதவர் அரிது. உண்மையில் அச்சுங்கத்தைத் துறைமுகத்தில் கட்டுபவர் சரக்கை இறக்குமதி செய்யும் அமெரிக்க வணிகரே. அவர் அச்சுமையில் ஒரு பங்கைத் தம் நாட்டு வாடிக்கையாளர் மீது ஏற்றுவார். மற்றொரு பங்குக்கு நம்மிடம் விலைக் குறைப்புக் கேட்பார். கட்டுப்படியாகாவிடில் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ ஆர்டரை மாற்றுவார். நமக்கு இழப்பு நேர்வது அவ்வழியில்தான்.

இவ்வரிக் கொள்கையால் நொந்த அமெரிக்கச் சிறு வணிகர் சிலர் தம் அதிபர் மீதே வழக்குத் தொடுத்தனர். அதிபர் அவசரநிலைச் சட்டத்தைக் காட்டி உலக நாடுகள் மீது விதித்த வரிகள் அச்சட்டத்தின் வரம்பை மீறியவை என்று அந்நாட்டின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் 2025 மே 28இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது வரி நீடித்தது என்பது வேறு. நாம் "அமெரிக்கா" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் நாட்டில், வரி விதித்தவரும் உண்டு. அதனை எதிர்த்து நீதிமன்றப் படியேறியவரும் உண்டு.

துளசேந்திரபுரமும் டியர்பார்னும்

இனி, நம் உள்ளத்தை இரு பக்கமும் இழுத்த ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம்.

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கு அருகே உள்ளது துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. கோபாலனின் மகள் சியாமளா 1958இல் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றார். அவர் மகள் 2021 ஜனவரியில் அந்நாட்டின் துணை அதிபரானபோது ஊர் மக்கள் கோலமிட்டு, இனிப்பு வழங்கி மகிழ்ந்தனர். 2024 நவம்பர் 5 அன்று அவர் அதிபர் தேர்தலைச் சந்தித்தபோது அவ்வூர்க் கோயிலில் அவருக்காக அர்ச்சனை நடைபெற்றது. தமிழ் பேசும் எவருக்கும் இதில் ஒரு பெருமித உணர்வு எழுவது இயல்பே.

ஆனால் அதே நாளில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் நடந்தது வேறு. அரபு வம்சாவளியினர் பெருமளவில் வாழும் நகரம் அது. ஹாரிஸ் அங்கம் வகித்த அரசு இஸ்ரேலுக்கு ஆயுதம் வழங்கிற்று. 2023 அக்டோபர் 18, டிசம்பர் 8, 2024 பிப்ரவரி 20 ஆகிய நாள்களில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் காஸா குறித்த தீர்மானங்களைத் தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்திற்று. இதனால் மனம் புண்பட்ட டியர்பார்ன் வாக்காளரில் பலர் அவரைக் கைவிட்டனர். அந்நகரில் ட்ரம்ப்பே கூடுதல் வாக்குப் பெற்றார்.

தமிழ்ப் பேத்தியென மகிழ்வதா, காஸாவின் கண்ணீரை எண்ணி முகம் திருப்புவதா? நம் இல்லங்களில் அந்த நாள்களில் இவ்விவாதம் சூடாகவே நடந்தது. இரு தரப்பிலும் பிழை இருந்தது.

"முஸ்லிம்கள்தாம் அவரைத் தோற்கடித்தனர்" என்றார் சிலர். கணக்கைப் பாருங்கள். அமெரிக்க அதிபராக 538 தேர்வாளர் வாக்குகளில் 270 வேண்டும். ஹாரிஸ் பெற்றவை 226. மிச்சிகனின் 15 வாக்குகளை முழுமையாகச் சேர்த்தாலும் 241தான். டியர்பார்ன் மட்டும் முடிவை மாற்றியிருக்க இயலாது.

"ட்ரம்ப் வந்ததால் காஸாவுக்கு நன்மை" என்றார் வேறு சிலர். அவர் பொறுப்பேற்ற பின், 2025 ஜூன் 4 அன்று, போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை அமெரிக்கா மீண்டும் ரத்து செய்தது. ஆளை மாற்றிய அளவில் அரசின் போக்கு மாறிவிடும் என்று எண்ணியவர் ஏமாந்தனர்.

உறவினருக்கு எதிராகவேனும், நமக்கே எதிராகவேனும் நீதியில் நிலைத்திருக்குமாறு திருமறை அந்நிஸா அத்தியாயத்தில் பணிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாதென அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. பாசம், பகை எனும் இரு வாயில்களையும் இறைவன் அடைத்துவிட்டான். எஞ்சியிருப்பது செயலைப் பார்த்து எடை போடும் வழி ஒன்றே.

நம் பெயர் தாங்கியவர் வென்றால்

இதே அளவுகோலை நமக்கு இனிப்பான இடத்திலும் நீட்டுவோமா?

2025 நவம்பர் 4 அன்று ஸொஹ்ரான் மம்தானி நியூயார்க் மாநகரின் மேயராகத் தேர்வு பெற்றார். உகாண்டாவில் பிறந்தவர், திரைப்பட இயக்குநர் மீரா நாயரின் மகன், அம்மாநகரின் முதல் முஸ்லிம் மேயர். நம் வீடுகளில் மகிழ்ச்சி பொங்கிற்று. மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் அம்மாநகர மக்கள் அவருக்கு வாக்களித்தது பெயருக்காக மட்டுமன்று. வீட்டு வாடகையை உயராமல் நிறுத்துவேன், பேருந்தைக் கட்டணமின்றி ஓட்டுவேன், குழந்தைப் பராமரிப்பை அனைவர்க்கும் வழங்குவேன் என்ற வாக்குறுதிகளுக்காகவும்தான். நம் மாநிலத்தில் 2021 மே மாதம் மகளிர்க்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது ஏழைப் பெண்ணின் பணப்பையில் என்ன மிஞ்சிற்று என்பதை நாம் அறிவோம். மம்தானியையும் அந்தக் கணக்கிலேயே அளக்க வேண்டும். வாக்கை நிறைவேற்றினால் பாராட்டு. தவறினால், பெயர் எதுவாயினும், கண்டனம். குலத்தாலும் நிறத்தாலும் எவர்க்கும் உயர்வில்லை என்று இறுதிப் பேருரையில் அறிவித்த நபிபெருமானாரின் (ஸல்) வழி அதுவன்றோ!

கல்லெறிந்த நாள்

சற்றுக் கசப்பானதையும் நினைவுகூர்தல் வேண்டும். 2012 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. நபிபெருமானாரை இழிவுபடுத்தி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைக் கண்டித்துச் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நம்மவர் திரண்டனர். மனப்புண் நியாயமானது, கண்டனமும் நியாயமானது. ஆனால் சிலர் கையிலிருந்து கற்கள் பறந்தன. படத்தை எடுத்தவர் ஒரு தனிமனிதர். அத்தகைய படத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை அந்நாட்டு அரசியல் சட்டம் அரசுக்கு வழங்கவில்லை. எறிந்த கல் குற்றவாளியைச் சென்று சேரவில்லை.

2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனா மாநிலத்தில் சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும் கொண்ட அவரை முஸ்லிம் என்று எண்ணினான் கொலைகாரன். நியூயார்க் கோபுரங்களைத் தகர்த்தவர் மீதிருந்த கோபம், அக்குற்றத்தோடு எள்ளளவும் தொடர்பில்லாத ஓர் உயிரைக் குடித்தது. கல்லும் துப்பாக்கியும் ஒன்றல்ல. ஆயினும் ஒருவர் குற்றத்தை வேறொருவர் தலையில் ஏற்றும் பிழை இரண்டிலும் ஒன்றே. "சிலர் செய்ததற்குச் சமுதாயம் முழுவதையும் பழிக்காதீர்" என்று உலகிடம் நாம் கேட்கிறோம். கேட்பவர் கொடுக்கவும் வேண்டும். 2024 ஏப்ரலில் காஸாவுக்காகக் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் கூடாரமிட்டுக் கைதான நூற்றுக்கு மேற்பட்டோரும் அமெரிக்க மாணவர்களே. அப்போராட்டத்தில் யூத மாணவரும் நின்றனர் என்பதை மறக்கலாகாது.

எனவே, அன்பர்களே, தேநீர்க் கடையில் பேசுங்கள். வீட்டுத் திண்ணையில் பேசுங்கள். கைப்பேசிச் செய்தியைப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும்போது அவர்களோடும் பேசுங்கள். பேசும் முன், "இதை யார் செய்தார், நாம் யாரைக் குறை சொல்கிறோம்? இதையே நம்மவர் செய்திருந்தால் இப்படித்தான் பேசுவோமா?" என்று ஒருகணம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தளவாய்புரத்துத் தையற்காரர் தம் துணிக்கொரு அளவுகோல், பிறர் துணிக்கொரு அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை. நாவுக்கும் அந்த நேர்மை வாய்க்க வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.