அருங்காட்சியகத் தளமா, அறிவிப்புப் பலகையா?

ஆனி மாதம் வந்தால் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். அதில் ஒன்றைப் பிடித்துவிட வேண்டுமென்று கூட்டம் முண்டியடிக்கும். ஆகையால் காரைக்கால் அம்மையாரைப் பற்றிக் காரைக்கால்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை ஒரு மாணவி உடைத்தாள்.

முதுகலை வகுப்பில் அற்புதத் திருவந்தாதி நடத்திக்கொண்டிருந்தேன். அழகுருவை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அம்மையார் என்று விளக்கியபோது அவள் கேட்டாள்: "சார், காலண்டர் படத்திலும் கோயில் சுதையிலும் பார்த்திருக்கிறோம். சோழர் காலத்துச் சிற்பி அந்தப் பேயுருவை எப்படி வார்த்தான்? பார்க்க முடியுமா?"

கைப்பேசியில் தேடினோம். இரண்டு நிமிடத்தில் கிடைத்தது, நியூயார்க்கிலிருந்து. அங்குள்ள மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, 23.2 செ.மீ. உயரமே உள்ள அம்மையார் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. 1982இல் அவர்கள் வாங்கியது. படத்தைப் பெரிதாக்கினால் விலா எலும்புகளை எண்ணலாம். கையிலிருக்கும் தாளத்தைப் பார்க்கலாம். கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இன்னொரு அம்மையார் இருக்கிறார். அவரையும் பார்த்தோம். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "நம்ம பக்கத்து மியூசியத்துல இருக்கிறதைக் காட்டுங்க சார்" என்றான்.

அங்கேதான் என் மானம் போயிற்று.

நான் திறந்து காட்டிய அரசு அருங்காட்சியகத் தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது ஓர் அலுவலகத்தின் நோயன்று; பெயர் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். முகப்பில் நகரும் எழுத்து. அதன்கீழ் விருந்தினர் நாடா வெட்டும் படங்கள். திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள், நுழைவுக் கட்டணம். 'படத்தொகுப்பு' என்ற இடத்தில் அஞ்சல்தலை அளவில் ஒரு டஜன் படங்கள். ஒன்றின்கீழ் 'வெண்கலச் சிலை' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தெய்வம், எந்த ஊர், எந்த நூற்றாண்டு, என்ன உயரம்? விடையில்லை. தேடல் பெட்டியில் 'அம்மையார்' என்று தமிழில் தட்டினேன். ஒன்றுமில்லை. அங்கே அம்மையார் இல்லை என்று அதற்குப் பொருளா, இருந்தும் எழுதப்படவில்லை என்று பொருளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓர் அருங்காட்சியகத்தின் தளம் தன் வாசகனை விடக்கூடாத நிலை அதுவே.

என் கட்சி எளியது. அருங்காட்சியகத்தின் இணையதளம் அதன் வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையாக இருந்தால் போதாது; அது அருங்காட்சியகத்தின் இன்னொரு கூடமாக வேண்டும். எங்கும் காட்சிக்கு வைக்கப்படுவது இருப்பில் சிறு பகுதிதான். பெரும்பகுதி கிடங்கில் இருக்கும். கிடங்கில் இருப்பதைப் பொதுமக்களுக்குக் காட்டச் செலவு குறைந்த வழி இணையம் ஒன்றே. அதைக்கொண்டு நாம் கட்டண விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு நம்மைப் போன்ற இலக்கியவாதிகளிடமிருந்து வருவது. 'சிலையை நேரில் பார்க்க வேண்டும். திரையில் பார்ப்பது பார்வையே அல்ல' என்பார்கள். சிறுபத்திரிகைக் கூட்டங்களில் இதைச் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். அவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோதின் 1913 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் அச்சாயிற்று. நடராசர் திருமேனியை உலகக் கலையின் உச்சங்களுள் ஒன்றாக மேலைநாட்டார் ஏற்கத் தொடங்கியதில் அக்கட்டுரைக்குப் பங்குண்டு. ரோதின் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. அவர் பார்த்தது புகைப்படங்களை. நல்ல புகைப்படம் நல்ல கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அம்மையார் தலையால் நடந்து சென்று, இறைவன் ஆடக் கண்டு பாடியிருந்த தலமும் அதே திருவாலங்காடு. காரைக்காலிலிருந்து எழும்பூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். என் மாணவர்களில் பாதிப்பேர் அந்தக் கூடத்தை மிதித்ததில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் அவர்கள் வீட்டில் அது ஒரு செலவு. நேரில் பார்ப்பதன் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இரண்டாவது மறுப்பு அதிகாரிகளுடையது: 'படங்களை வெளியிட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகும்.' உண்மை இதற்கு நேர்மாறானது. எங்கள் ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது கோயில் சொத்தென்று நிறுவ அந்த நிறுவனத்தின் பழைய படங்கள் உதவின. 2014இல் நடராசர் திரும்பினார். கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் 1957இல் படமெடுக்கப்பட்ட திருமங்கையாழ்வார், பத்தாண்டுகளில் லண்டன் ஏலத்துக்குப் போய், ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தார். 2019இல் ஓர் ஆய்வாளர் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் உண்மை வெளிவந்தது. 2024இல் திருப்பித்தரும் கோரிக்கைக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இசைந்தது. படம் இருந்ததால் யாரும் திருடவில்லை. படம் இருந்ததால் திருடியவன் அகப்பட்டான். பதிவில்லாத திருமேனி காணாமல் போனால், அது இருந்தது என்பதற்கே சாட்சியில்லை.

மூன்றாவது மறுப்பு: 'எல்லாவற்றையும் திரையில் காட்டிவிட்டால் நேரில் யார் வருவார்கள்?' ஆம்ஸ்டர்டாமின் ரிஜ்க்ஸ் அருங்காட்சியகம் 2012இல் ஒன்றேகால் லட்சம் கலைப்பொருள்களின் படங்களை யாரும் தரவிறக்கிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியில் மூன்றே முக்கால் லட்சம் படங்களைக் கட்டணமின்றி, அனுமதியின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அவ்விரு வாசல்களிலும் இன்றும் வரிசை நிற்கிறது. படம் பார்த்துப் பசி அடங்கிப் போனவர் எவருமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'தளத்தை மேம்படுத்துங்கள்' என்றால் நம்மவர்கள் உடனே ஒப்பந்தப்புள்ளி கோரி, கூடத்தைச் சுற்றிச் சுழலும் மெய்நிகர் உலா ஒன்றைச் செய்து வாங்கிவிடுவார்கள். திறப்பு விழாவுக்கு அது அழகாக இருக்கும். சுழன்று சுழன்று பார்த்தாலும் எந்தச் சிலை எது என்று தெரியாது. நான் கேட்பது அதுவன்று. கேட்பவை நான்கு.

ஒன்று, முழுமையான அட்டவணை. இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பதிவெண், பெயர், உலோகமா கல்லா, அளவு, கண்டெடுத்த ஊர், வந்து சேர்ந்த ஆண்டு, முன்புறப் பின்புறப் படங்கள். இது புதுமையன்று. கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் சென்னை அருங்காட்சியகத்தின் உலோகத் திருமேனிகளுக்கு 1932இலேயே அட்டவணை நூல் செய்தார்கள். 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களைப் பற்றி அதே இராமச்சந்திரன் 1954இல் தனிநூல் தந்தார். கணினி இல்லாத காலத்தில் இரண்டு மனிதர் செய்த வேலை இது.

இரண்டு, தமிழ். ஒப்புக்கு மொழிபெயர்த்த நாலு வரி போதாது. பொருள் ஒவ்வொன்றுக்கும் தமிழ் விளக்கம் வேண்டும், அதுவும் ஒருங்குறியில். பழைய எழுத்துருவில் தட்டியதையும், தாளை அப்படியே படம்பிடித்து ஏற்றியதையும் தேடுபொறி சரிவரப் படிப்பதில்லை. தேடினால் கிடைக்காத தமிழ் அங்கே இருந்தும் இல்லாததுதான். நடுவண் அரசு 2014இல் தொடங்கிய அருங்காட்சியகத் தொகுப்புத் தளத்தில் முதற்கட்டமாக இடம்பெற்ற பத்தும் நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தைச் சார்ந்தவை; மாநில அருங்காட்சியகங்கள் அந்த வரிசையில் இல்லை. நம் பொருளுக்கு நம் மொழியில் நாம்தான் எழுத வேண்டும்.

மூன்று, பயன்பாட்டு உரிமை. மாணவன் ஆய்வேட்டில் ஒரு படம் சேர்க்க எதற்கு மனு, எதற்கு ஆறு மாதக் காத்திருப்பு? நியூயார்க்கில் இருக்கும் அம்மையாரை என் மாணவி இன்றே தன் ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்ளலாம். நம் நாட்டில் இருப்பவரை ஒட்ட முடியாது.

நான்கு, உரையாடல். பார்க்கிறவன் ஒரு பிழையைக் கண்டால், ஊர்ப்பெயர் தவறென்று தெரிந்தால், அதை எழுதி அனுப்ப ஓரிடமும், படித்துப் பதில் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். காரைக்கால் குடும்பங்கள் பல தலைமுறையாகப் பிரான்சில் வாழ்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. கொள்ளுப்பாட்டனின் பெயரை அங்கே தேடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் தளத்துக்கும் வருவார்கள். நாடா வெட்டும் படத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறையோடு போய்விடுவார்கள். மாங்கனிக் கதையையும், அதன் திருமேனியையும், அது பாடிய ஊரையும் ஓரிடத்தில் கோத்துக் கொடுத்தால் மீண்டும் வருவார்கள், தம் வீட்டுப் பழம்படம் ஒன்றையும் கொண்டுவருவார்கள்.

'ஆளில்லை, பணமில்லை' என்பது கடைசி மறுப்பு. இங்கே குற்றவாளிக் கூண்டில் நானும் ஏறுகிறேன். இரண்டு தமிழ் மாநிலப் பகுதிகளிலும் எத்தனை தமிழ்த்துறைகள்! ஆண்டுதோறும் எத்தனை முதுகலை மாணவர்கள்! அவர்களுக்கு நாம் தருவது 'சிலம்பில் பெண்மை', 'குறளில் மேலாண்மை' என்று முன்னவர் எழுதியதைப் பின்னவர் பெயர்த்தெழுதும் தலைப்புகள். ஒரு மாணவனுக்குப் பத்துத் திருமேனிகள் என்று ஒதுக்கி, அளந்து, தலபுராணமும் திருமுறையும் கல்வெட்டும் பார்த்து, பொருளுக்கு நூறு சொல்லில் விளக்கம் எழுதச் சொன்னால், ஒரு துறை ஓராண்டில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தை முடித்துவிடும். காப்பாட்சியர் கதவைத் திறக்க வேண்டும். நாம் தட்டவும் வேண்டும். இதுவரை நாமும் தட்டவில்லை.

அந்த மாணவி இப்போது அம்மையார் படிமங்களைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதுகிறாள். அதில் இரண்டு படங்கள் இருக்கின்றன: ஒன்று நியூயார்க், மற்றொன்று கான்சாஸ். மூன்றாவது படத்துக்கு ஒரு பக்கம் வெற்றாக விட்டிருக்கிறாள். அடுத்த ஆனிக்குள் அது நிரம்ப வேண்டும் என்பது அவள் ஆசை. நானும் அனுமதிக் கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.