கேடி யார்?

வடகரைக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். எங்களூரில் குழி இரண்டு வகை. ஒன்று, தென்னங்கன்று வைக்க. இன்னொன்று, ஆச்சி பல்லாங்குழி ஆட. அதில் 14 குழி, கோல்ஃபில் 18. பல்லாங்குழியைச் சாரல் அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து ஆடலாம். இதற்கு மைல் கணக்கில் நடக்கணும்.

ஆபீஸ் மீட்டிங்குக்காகக் கொடைக்கானல் போயிருந்தோம். மறுநாள் காலை மேலதிகாரி, "கோல்ஃப் தெரியுமாப்பா?" என்றார். இன்க்ரிமென்ட் சமயம். "கொஞ்சம் தெரியும் சார்" என்றேன். டி.வி.யில் பார்த்ததைத்தான் சொன்னேன்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப், 1895-ல் ஆரம்பித்தது. சுமார் 7,000 அடி உயரம். மேடு, பள்ளம், பச்சைப் புல், சுற்றிலும் மரங்கள். இங்கிலாந்தைப் பெயர்த்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் காட்டெருமை கிடையாது. இங்கே அவை மெம்பர்ஷிப் இல்லாமலே வந்து மேய்கின்றன.

மட்டைப் பையைத் தூக்கி வருபவருக்குக் கேடி என்று பெயர். எங்க பக்கம் கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள். அலட்சியமாக நினைக்காதீர்கள். 1991-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர்தான்.

ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஒரு கணக்கு. நல்ல ஆட்டக்காரர் இத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளணும். ஒன்று குறைந்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. முதல் குழிக்கு நாலு. நான் பதினொன்று. அதில் மூன்று காற்றில் போனது. பந்து அசையாவிட்டாலும், அடிக்க வீசினால் அது ஓர் அடிதானாம். கிட்டிப்புள்ளில்கூட இத்தனை கறார் கிடையாது!

ஐந்தாவது குழியில் என் பந்து மரத்தடிப் புதருக்குள் போய்விட்டது. மேலதிகாரி அந்தப் பக்கம். ஷூ நுனியால் பந்தை மெல்ல வெளியே தள்ளினேன். நிமிர்ந்தால், கேடி அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைப்பா?" என்று கார்டும் பென்சிலுமாக மேலதிகாரி கேட்டார்.

"ஏழு சார்."

நிஜத்தில் ஒன்பது.

நடக்கும்போது, "இவ்வளவு பெரிய ஆட்டம், ஒரு அம்பயர் இல்லையேண்ணே?" என்று அண்ணனிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

"எதுக்கு சார்? நீங்க ஏழுன்னா ஏழுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. எப்போதோ படித்தது ஞாபகம் வந்து தொலைத்தது. 1925 யு.எஸ். ஓப்பனில் பாபி ஜோன்ஸின் பந்து ஒரு துளி நகர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி, அபராதமாக ஓர் அடி சேர்த்துக்கொண்டார். கடைசியில் ஆட்டம் சமமாகி, மறு ஆட்டத்தில் ஓர் அடியில் தோற்றார். கோப்பையே போச்சு. எனக்குப் போவது என்ன, ஒரு இன்க்ரிமென்ட்!

"சார்... அது ஏழு இல்ல. ஒன்பது. பந்தைக் காலால தள்ளினேன். அதுக்கு அபராதம் ரெண்டுன்னா பதினொன்று. அப்புறம்... எனக்கு கோல்ஃப் தெரியாது சார்."

"அது முதல் குழியிலயே தெரிஞ்சுதுப்பா" என்று சிரித்தார். கார்டைத் திருத்தினார். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தவர், தன் வரிசையில் இருந்த அஞ்சை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். நானும் பார்க்கவில்லை, கேடி அண்ணனும் பார்க்கவில்லை!

இன்க்ரிமென்ட் வந்ததா என்று கேட்காதீர்கள். ஊருக்கு வந்து ஆச்சியிடம் முழுக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னாள்:

"ஏல, அந்தப் பதினெட்டுக் குழியிலயும் தென்னங்கன்னு வச்சிருந்தா, வெள்ளக்காரன் காலத்துல இருந்து காய்ச்சிருக்குமே!"