கழுத்துக் கட்டியும் குரலும்

கழுத்தில் கட்டியைக் கண்டவுடனே அதனைக் கண்டமாலை எனக் கொள்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். காசநோய் மிகுந்த நாட்டில் அவ்வாறு ஐயுறுவது இயல்பே. ஆயினும் சோதியாமல் துணிதல் தகாது. நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் உயிரணுக்களிலிருந்து வளரும் கட்டியும் அவ்விடத்தே தோன்றக்கூடும். பெரும்பாலும் அது புற்றன்று, மெல்ல வளர்வது, பக்கவாட்டில் அசையும், மேலும் கீழும் எளிதில் அசையாது.

இத்தகைய கட்டியை நரம்போடு சேர்த்து அறுத்தெறிந்தால் கட்டி நீங்கும். ஆனால் வேகஸ் நரம்பாயின் குரல் கம்மும். பரிவு நரம்பாயின் இமை தாழ்ந்து கண்பாவை சுருங்கும். ஆதலின், உறையை நரம்பிழைகளின் போக்கிலேயே கீறி, உள்ளிருக்கும் கட்டியை மட்டும் பிரித்தெடுக்கும் முறையே இயன்றவிடத்தெல்லாம் ஏற்கத்தக்கது. இம்முறையிலும் குரற்கேடு நேர்வதுண்டு. எச்சம் தங்கி மீண்டும் வளர்தலும் அரிதாக உண்டு.

குரலால் பிழைக்கும் ஆசிரியருக்கு இது சிறு செய்தியன்று. கத்தியை எடுக்குமுன் இதனை அவருக்கு விளங்க உரைப்பது மருத்துவரின் கடமை. வலியில்லாக் கட்டியாயினும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புவது களப்பணியாளரின் கடமை. ஊகத்தின் பேரில் காசநோய் மருந்தைத் தொடங்குவது இருவர்க்கும் தகாது.