"ஈட்டட்" என்று எழுதிய பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத் தோட்டப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். எத்தனையோ கொப்பிகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். கோ – வென்ட் – கோன், ஈட் – ஏட் – ஈட்டன் என்று மூன்று நிரல், எழுத்து வரிசைப்படி. "நாளைக்கு இருபது பாடமாக்கிட்டு வாங்க." பாடமாக்காத பிள்ளை எழும்பி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் கற்பித்தலா?

ஒரு பிள்ளை "ஈட்டட்" என்று எழுதினால் வகுப்பே சிரிக்கிறது. சில நேரம் ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'எட்' சேர்த்தால் இறந்தகாலம் என்ற விதியை விளங்கி, தானே உண்டாக்கியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் சின்னப் பிள்ளைகளும் இப்படிச் சொல்லித்தான் திருந்துகிறார்கள்.

நம் தமிழ் மட்டும் ஒழுங்கா? செய் – செய்தான். ஆனால் வா – வந்தான், போ – போனான், நில் – நின்றான். இதற்கு யார் அட்டவணை தந்தார்கள்? ஆயிரம் தடவை காதில் விழுந்தது, வாயில் வந்தது. ஆங்கிலத்திலும் விதிக்கு அடங்காதவை பெரும்பாலும் அன்றாட வினைகள்தான். அடிக்கடி புழங்குவதால் பழைய வடிவம் நிற்கிறது. 'ஹெல்ப்'புக்கும் ஒரு காலத்தில் 'ஹோல்ப்' இருந்தது. இன்று 'ஹெல்ப்ட்' ஆகிவிட்டது.

"பாடமாக்காமல் எப்படி வரும்?" என்பீர்கள். மனனத்துக்கு நான் எதிரி இல்லை. நம் மத்ரஸாக்களில் குர்ஆனையே மனனமிடுகிறார்கள். அங்கே உஸ்தாத் ஓதிக் காட்டுகிறார், பிள்ளை கேட்டு ஓதுகிறது, பழைய பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. சொற்களை அகரவரிசையில் அடுக்கி யாரும் மனனமிடச் சொல்வதில்லை.

அதையே செய்வோம். மாறாத கட், புட், ஹிட் ஒரு நாள். சிங் – சாங், ரிங் – ராங், ட்ரிங்க் – ட்ராங்க் ஒரு நாள். பை – போட், பிரிங் – ப்ரோட், திங்க் – தோட் இன்னொரு நாள். பிறகு "நேற்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனார், நான் தண்ணீர் கொண்டு வந்தேன், ரொட்டி சாப்பிட்டேன். வென்ட், ப்ரோட், ஏட் மூன்றும் வந்துவிட்டன. நேரமில்லை என்று சொல்ல வேண்டாம். அட்டவணை ஒப்புவிக்கக் கேட்கும் நேரம் போதும்.

3ஆம் தரத்திலிருந்து 11ஆம் தரம் வரை ஒன்பது வருடம் படித்தும், நேற்று நடந்ததைச் சொல்ல வராமல் பிள்ளை வெளியேறுகிறது. நேர்முகப் பரீட்சையில் "இதுவரை என்ன செய்தீர்கள்?" என்றால் வாயடைத்து நிற்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. சிங்களத்தில் அதை 'கடுவ', அதாவது வாள், என்பார்கள். டவுன் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. லயத்துப் பிள்ளைக்கு நம்மை விட்டால் யார்?

'லைன்' என்பதை லயமாகவும் 'பரேட்' என்பதைப் பெரட்டாகவும் ஆக்கிக்கொண்ட சமூகம் இது. எந்த அட்டவணையும் இல்லாமல், காதால் கேட்டே எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறாது என்று சொல்பவர், முதலில் தன் பாடக்குறிப்பைத் திறந்து பார்க்கட்டும்.